விடிந்த பிறகும் கலையாத வேஷம்

இரவு மணி இரண்டு இருக்கும். ஆரணிக்கு அருகே என் தாய்மாமன் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் துகிலுரிதல். முகவீணை கதறுகிறது. மிருதங்கம் அதிர்கிறது. துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றிச் சபைக்கு இழுத்து வருகிறான். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். இன்னொருத்தி "தாயே!" என்று தரையில் விழுந்து கும்பிட்டாள்.

திரௌபதியாக நின்றவர் ஓர் ஆண். ஊர் ஜனங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பகலில் பட்டுத்தறியில் உட்காருகிறவர். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனார். ஆனால் அந்த நேரத்தில் அவர் திரௌபதிதான். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அதே ஊரின் டீக்கடைக்குப் போனேன். நாலைந்து வாலிபர்கள் ஒரு செல்போனைச் சுற்றிக் குனிந்து நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். மேலத் தெருப் பையன் ஒருவன், பத்தொன்பது வயதிருக்கும், அக்காளின் புடவையைக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்து, கிணற்றடியில் நின்று ஒரு பழைய சினிமாப் பாட்டுக்கு ஆடியிருந்தான். அரை நிமிஷம்கூட இல்லாத படம். ஆட்டம் சுத்தமாகவே இருந்தது. கீழே வந்திருந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

இரவில் கற்பூரம், காலையில் கேலி. ஊர் ஒன்றுதான், ஜனங்களும் அவர்களேதான். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

பழைய வழக்கம்தான்

ஆண் பெண்ணாக ஆடுவது நம் நாட்டுக்குப் புதிய சங்கதி அல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று 'பேடு'. காமன் தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்க ஆடியதாகச் சொல்லப்படும் ஆடல் அது. விராட நகரத்தில் அர்ச்சுனன் பேடியாக இருந்து இளவரசிக்கு நாட்டியம் கற்பித்த கதையைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை உண்டா?

நாடக மேடையிலும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையைப் போன்ற கம்பெனிகளில் சிறுவர்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். சிவாஜி கணேசன் சிறுவயதில் முதலில் மேடை ஏறியபோது போட்ட வேஷங்களில் ஒன்று சீதை. டி. கே. சண்முகம் ஔவையார் வேஷம் போட்டுப் பெற்ற புகழ், அவர் பெயருக்கு முன்னாலேயே 'அவ்வை' என்று ஒட்டிக்கொண்டது. யாரும் அவர்களைக் குறைவாக நினைக்கவில்லை.

அப்படியானால் மேலத் தெருப் பையன் செய்த குற்றம் என்ன? அன்று சாயங்காலம் கூத்து ஜமா தங்கியிருந்த பள்ளிக்கூடத் திண்ணைக்குப் போய், திரௌபதி வேஷம் கட்டியவரிடமே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்கு வேஷம் கட்ட ரெண்டு மணி நேரம் ஆவுது தம்பி. கலைக்கக் கால் மணி நேரம். தேங்காயெண்ணெய் போட்டுத் தொடைச்சா போயிடும். விடிஞ்சா நான் தறிக்காரன். ஊருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்தப் புள்ள செல்லுல போட்டது எந்த எண்ணெய்க்குப் போவும்?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது. மேடைக்கு எல்லை உண்டு. திரை உண்டு, புராணம் உண்டு, விடியற்காலை உண்டு. செல்போனுக்கு இவை ஒன்றும் இல்லை. கிணற்றடியில் ஆடியவன் திரௌபதியும் அல்ல, சீதையும் அல்ல. அவன் அவனாகவே ஆடினான். ஊரை உறுத்தியது அதுதான்.

பதினைந்து விநாடி மேடை

இந்தப் புதிய மேடை கிராமத்துக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. செல்போன் வழியே இன்டர்நெட் பார்க்கும் செலவு மளமளவென்று இறங்கியது. அதுவரை பட்டணத்துக்கே சொந்தமாக இருந்த சமாசாரம் களத்துமேட்டுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது.

பிறகு வந்தது டிக்டாக். அதில் நுழைய இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. நாலு வரி எழுதத் தெரிய வேண்டியதுகூட இல்லை. யாரோ பாடிய பாட்டுக்கு, யாரோ பேசிய வசனத்துக்கு, பதினைந்து விநாடி வாயசைத்தால் போதும். ஆண் குரலுக்குப் பெண் வாயசைக்கலாம். பெண் குரலுக்கு ஆண் வாயசைக்கலாம். முன்பின் அறியாத ஒருவரோடு திரையில் பக்கத்தில் நின்று ஜோடியாக ஆடலாம். மேடையே ஏறியிராத கொத்து வேலைக்காரரும் களை பறிக்கும் பெண்ணும் நடிகர்கள் ஆனார்கள். பெண்மை கலந்த நடையுள்ள பிள்ளைகளும், தாம் யார் என்று சொல்லத் தெரியாமல் தவித்த பிள்ளைகளும் இந்த வாயசைப்பிலே ஒரு மறைவைக் கண்டார்கள். 'பாட்டுக்குத்தானே ஆடினேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

2019 ஏப்ரல் 3-ம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழந்தைகளுக்குக் கேடு நேரும் என்பது நீதிபதிகளின் கவலை. ஏப்ரல் 24-ம் தேதி அந்தத் தடை விலக்கப்பட்டது. அடுத்த வருஷம், 2020 ஜூன் 29 அன்று, சீனாவோடு எல்லைத் தகராறு முற்றிய நேரத்தில், மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை போட்டது. அதில் டிக்டாக்கும் போயிற்று. அதில் பேர் வாங்கியிருந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு, சேர்த்து வைத்த ரசிகர் கூட்டமெல்லாம் ஒரே ராத்திரியில் கலைந்தது.

ஆனால் மேடை காலியாக இருக்கவில்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கடைப் பெயர் மாறியது, ஆட்டம் நிற்கவில்லை.

கிடைத்த ஒரு சொல்

மேலத் தெருப் பையனைச் சந்தித்தேன். முதலில் பேச மறுத்தான். மாமன் மகன் சமாதானம் சொன்ன பிறகு, ஏரிக்கரையில் உட்கார்ந்து மெல்லப் பேசினான். படம் ஊருக்குள் பரவிய அன்றே அவன் தகப்பனார் செல்போனைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்துவிட்டாராம். மூன்று நாள் வீட்டை விட்டே வெளியே வரவில்லையாம்.

"நீ ஏன் ஆடினாய்?" என்றேன்.

"ஆடும்போது நல்லா இருக்குதுண்ணா. அவ்ளோதான். நான் யாருன்னு எல்லாரும் கேக்குறாங்க. எனக்கே இன்னும் தெரியலையே, நான் என்னன்னு சொல்றது?"

நமக்கு எல்லாவற்றுக்கும் உடனே ஒரு பெயர் வேண்டும். அந்தப் பையனுக்கு அவகாசம் வேண்டியிருக்கிறது. அவன் திருநங்கையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆட்டத்தில் ஆசையுள்ள ஓர் ஆண்பிள்ளையாகவே கடைசிவரை இருந்துவிடலாம். அதை அவன்தான் அறிய வேண்டும்.

ஆனாலும் பெயர் கிடைப்பதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. முன்னெல்லாம் கிராமத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் வசவுச் சொற்கள்தாம். உலகத்தில் தன்னைப் போல் தான் ஒருவர்தான் என்று எண்ணி, ஒரு நாள் பஸ் ஏறிப் பட்டணத்துக்கோ வடநாட்டுக்கோ போய்விடுவார்கள். சித்திரை பௌர்ணமிக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழும்போதுதான் தம்மைப் போன்ற ஆயிரம் பேரைக் கண்ணாலே காண்பார்கள். இன்று அந்தக் கூட்டத்தைச் செல்போனிலேயே காண முடிகிறது. திருநங்கை என்ற சொல்லையும், பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்கிறவரைக் குறிக்கும் திருநம்பி என்ற சொல்லையும் குக்கிராமத்துப் பிள்ளை முதலில் கேட்பது பெரும்பாலும் அந்தச் சின்னத் திரையிலேதான்.

சட்டமும் கூடவே நடந்து வந்திருக்கிறது. திருநங்கையருக்கென இந்தியாவிலேயே முதல் நல வாரியம் தமிழ்நாட்டில் 2008-ல் ஏற்பட்டது. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஒப்புக்கொண்டது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்றது. 2019 ஏப்ரல் 22-ல் மதுரைக் கிளை, 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. டிக்டாக் தடையும் இந்தத் தீர்ப்பும் ஒரே நீதிமன்றத்தில் ஒரே மாதத்தில் வந்தவை என்பது கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில் மதுரையைச் சேர்ந்த பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022-ல் தமிழக அரசு, இந்த மக்களை மரியாதையோடு குறிப்பதற்கான சொற்பட்டியலை அரசிதழிலே வெளியிட்டது. டீக்கடைக்கு மட்டும் அந்த அரசிதழ் இன்னும் வந்து சேரவில்லை.

பெண்களின் கணக்கு வேறு

ஆண்பிள்ளை புடவை கட்டினால் கேலி. பெண்பிள்ளைக்கோ செல்போனைத் தொட்டாலே சந்தேகம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் இன்டர்நெட்டை எப்போதாவது பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 25 பேருக்கும் குறைவு. ஆண்களில் ஏறக்குறைய 49 பேர். பாதிக்குப் பாதி வித்தியாசம்!

ஆகவே கிராமத்துப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். முகத்தைக் காட்டுவதில்லை. கோலம் போடும் கை தெரியும்; முகம் தெரியாது. மருதாணி வைத்த விரல்கள் தெரியும்; ஆள் யார் என்று தெரியாது. என் மாமன் மகள் ஒருத்தி இரண்டு வருஷமாகக் கோலப் படம் போட்டு வருகிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. "கைக்கு மட்டும் யாரும் மாப்பிள்ளை பாக்க மாட்டாங்க மாமா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வருத்தமும் இருந்தது.

பெற்றோரின் பயம் முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பொள்ளாச்சியில் 2019-ல் வெளிவந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. பெண்களிடம் பழகி, ஏமாற்றி, படம் பிடித்து மிரட்டிய அந்த வழக்கில் 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அந்த வழக்கு சொல்லும் பாடம் என்ன? புகார் கொடுக்க முன்வந்த பெண்களால்தான் குற்றவாளிகள் அகப்பட்டார்கள். வீட்டில் சொன்னால் செல்போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்று பயப்படும் பெண் எப்படிப் புகார் கொடுப்பாள்? பூட்டி வைப்பது திருடனுக்குத்தான் சௌகரியம்.

ஊரின் பெருமை, ஜாதியின் வீம்பு

தான் ஆணா பெண்ணா என்பது மட்டும் அடையாளம் அல்ல. தன் ஊர், தன் பேச்சு, தன் கலை, எல்லாமே அடையாளம்தான். இந்த விஷயத்தில் செல்போன் செய்திருக்கும் நன்மை கொஞ்சநஞ்சம் அல்ல. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் வாலிபர்கள் திரண்டது பெரும்பாலும் பேஸ்புக், வாட்ஸ்அப் செய்திகளால்தான். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துக் காட்டிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. பட்டணத்துத் தமிழ் பேசவில்லை. கோட்டு சூட்டு போடவில்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டே உலகத்தைக் கூப்பிட்டார்கள்.

கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் இன்று வெட்கப்படாமல் திரையில் ஒலிக்கின்றன. சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறையை, இளம் பெண்கள் தோளில் மாட்டி அடித்துப் படம் போடுகிறார்கள். ஆணுக்கே உரியது என்றும், தாழ்ந்தது என்றும் சொல்லப்பட்ட கருவியை ஒரு பெண் பெருமையோடு எடுக்கும்போது, ஒரே அடியில் இரண்டு பழைய சுவர்களும் அதிர்கின்றன.

ஆனால் இந்தக் காசுக்கு மறுபக்கமும் உண்டு. அதே செல்போனில் அரிவாளைக் காட்டி ஜாதிப் பெருமை பாடும் வாலிபர்களும் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் ஜாதி அடையாளமாகக் கையில் கட்டும் வர்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. தன்னை உயர்த்திக் காட்ட இன்னொருவன் தலையைத் தாழ்த்தச் சொல்வது பெருமை அல்ல, வீம்பு. கிணற்றடியில் ஆடிய பையன் யார் தலையையும் தாழ்த்தச் சொல்லவில்லை. ஆனால் ஊர் பயந்து சிரித்தது அவனைப் பார்த்துத்தான். அரிவாள் காட்டியவனைப் பார்த்து அல்ல.

கேலிக்கும் கூலி

செல்போனின் சூட்சுமம் ஒன்றை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. எந்தப் படத்தை யாருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பது ஒரு கணக்கு. எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேருக்கு அனுப்பினார்கள் என்பதையே அது முக்கியமாகப் பார்க்கும். ரசித்துப் பார்த்தவரும் திட்டுவதற்காகப் பார்த்தவரும் அதற்கு ஒன்றுதான். வசவு எழுதினால் படம் இன்னும் நாலு ஊருக்குப் போகும். அங்கிருந்து இன்னும் பத்து வசவு வரும். வசவுப் படங்கள் தொகுத்துப் போட்டே காசு பார்க்கிறவர்களும் உண்டு. டீக்கடையில் சிரித்த வாலிபர்கள் அறியாமலே அந்த வியாபாரத்துக்குக் கூலியில்லாத ஆட்கள்!

இது வெறும் வேடிக்கை அல்ல. 2018-ல் வடசென்னையில், பெண் வேஷத்தில் படம் போட்ட ஓர் இளைஞர் கேலி தாங்காமல் உயிரை விட்டதாகப் பத்திரிகைகளில் படித்தோம். 2023 நவம்பரில் உஜ்ஜயினியில், புடவை கட்டிப் படம் போட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவன் வசவு மழைக்குப் பின் இறந்துபோனான். எழுதியவர்கள் ஒருவரி எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். படித்தவன் ஆயிரம் வரியையும் தனியாகப் படித்திருப்பான்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். உங்கள் ஊர்ப்பெயர், வீடு, பள்ளிக்கூடம் தெரியும்படி படம் போடாதீர்கள். யார் பதில் எழுதலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் வசதி ஒவ்வொரு செயலியிலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் அந்தரங்கப் படத்தை ஒருவர் அனுமதியின்றி எடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு. மனம் உடைந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098 இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரே ஒரு வார்த்தை. செல்போனை உடைத்தால் செல்போன்தான் உடையும். பிள்ளை உங்களிடம் பேசுவது நின்றுபோனால் அதை ஒட்டவைக்கக் கடை கிடையாது.

திரைக்குப் பின்னால்

திருவிழாவின் கடைசி நாள் படுகளம், சாயங்காலம் தீமிதி. அதற்கு முந்தின இரவு, பதினெட்டாம் போர்க் கூத்துக்கு வேஷம் கட்டும் இடத்துக்குப் போனேன். பெட்ரோமாக்ஸ் விளக்கு போய் எல்.இ.டி. விளக்கு வந்திருந்தது, அரிதார வாசனை மட்டும் அப்படியே இருந்தது. திரௌபதி வேஷக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மண்டியிட்டு, சவுரி முடியை வாரிப் பின்னிக்கொண்டிருந்தவன், மேலத் தெருப் பையன்!

"கை நல்லா வருதுய்யா இவனுக்கு. அடுத்த வருஷம் சின்ன வேஷமா ஒண்ணு குடுத்துப் பாக்கலாம்" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். பையன் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் தகப்பனார் அதுவரை அவனோடு பேசவில்லை. அவன் ஆசை கூத்துக் கொட்டகைக்குள் அடங்குமா என்பதும் சந்தேகமே. அடங்க வேண்டும் என்று சொல்ல நாம் யார்? ஆனால் அன்றிரவு, திரைக்கு வெளியே, டீக்கடையில் சிரித்த அதே வாலிபர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். திரௌபதி கூந்தலை விரித்துக்கொண்டு வந்து நின்றாள். கற்பூரம் ஏற்றப்பட்டது. அவர்களும் எழுந்து கும்பிட்டார்கள்.

அந்தக் கூந்தலை வாரிவிட்ட கை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பும் முன் நான்தான் சொன்னேன். ஒருவனும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் தன் செல்போனை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, எதையோ அழித்தான்.